டேவ் குதிக்க ஒரு பட்டன்

கோடை விடுமுறைக்கு மந்தைவெளி வந்திறங்கிய பிள்ளைகள் மே மாத வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள் அடைந்து கிடக்கும்போது, நாற்பதைத் தாண்டிய சித்தப்பாக்களுக்கு ஓர் ஆசை கிளம்பும். பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் லேபில், வாத்தியார் அந்தப் பக்கம் திரும்பியதும் ஆடிய ‘டேஞ்சரஸ் டேவ்’, ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ இரண்டையும் இவர்களுக்குக் காட்டினால் என்ன? டாஸ்பாக்ஸ் எமுலேட்டரை இறக்கிக் கேமை ஓடவிடுவது வரை சுலபம்தான். பிள்ளை கேம்பேடைக் கையில் எடுத்துப் பட்டனை அழுத்தும். டேவ் நின்ற இடத்திலேயே நிற்பான்.

பேடிலும் கோளாறில்லை, கேமிலும் கோளாறில்லை. நம் லேப் கம்ப்யூட்டர்களில் செருகியிருந்தது கீபோர்டு ஒன்றுதான். கேமையும் நாம் அதை வைத்தே பழகினோம். டேவை ஜான் ரொமேரோ 1988-ல் ஆப்பிள் 2 கணினிக்காக எழுதினார். பிற்பாடு ‘டூம்’ செய்த கூட்டத்தில் அவரும் ஒருவர். நமக்கு வந்து சேர்ந்த டாஸ் பதிப்பில் இடது, வலது அம்பு விசைகள் நடக்க, மேல் அம்பு குதிக்க, கண்ட்ரோல் துப்பாக்கிக்கு, ஆல்ட் ஜெட்பேக்குக்கு. ஜோர்டன் மெக்னர் 1989-ல் வெளியிட்ட பிரின்ஸிலும் அம்பு விசைகளோடு ஷிஃப்ட் ஒன்றுதான் முக்கியம். ஆக இரண்டுக்குமே ஆறு விசைகளுக்கு மேல் தேவையில்லை. கேம்பேடில் பத்துப் பட்டன்களுக்குக் குறையாமல் இருக்கின்றன. பட்டனை விசையாக மாற்றிச் சொல்ல நடுவில் ஒருவர் வேண்டும், அவ்வளவே. கீழே வருவதெல்லாம் அந்த ஒருவரை எங்கே உட்கார வைப்பது என்பதைப் பற்றித்தான். (குழப்பம் வராமலிருக்க, கீபோர்டில் இருப்பதை விசை என்றும் பேடில் இருப்பதைப் பட்டன் என்றும் சொல்லிக்கொண்டு போகிறேன்.)

இந்தச் சங்கடம் டாஸ் காலத்துக்கும் முந்தியது. மத்திய அரசு 1984-85-ல் ‘கிளாஸ்’ என்ற பெயரில் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது வகுப்பறைக்கு வந்தவை பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனம் செய்த பிபிசி மைக்ரோ கணினிகள். சொந்தக் காசில் வாங்க முடிந்தவர்களுக்கு 1986-லிருந்து டெசிபெல்ஸ் என்ற இந்திய நிறுவனம் உரிமம் பெற்றுச் செய்த ‘டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்’ கிடைத்தது. சிங்க்ளேரின் ஸ்பெக்ட்ரம்தான், சட்டை மட்டும் இந்தியச் சட்டை. இவற்றை வைத்திருந்தவர்கள் இன்று எமுலேட்டரில் அன்றைய கேமைத் தேடிப் போனால் டாஸைவிடச் சிக்கலான விசைக் கூட்டணிகளைச் சந்திக்க வேண்டியிருக்கும். அதைப் பிறகு பார்ப்போம்.

ஒரு துபாஷி போதும்

பட்டனை விசையாக்கும் வேலை நடக்கக்கூடிய இடங்கள் மூன்று. கேமுக்குள்ளேயே ‘விசைகளை மாற்றி அமை’ என்றோ ‘ஜாய்ஸ்டிக்’ என்றோ ஒரு தேர்வு இருக்கலாம். அது இல்லையென்றால் எமுலேட்டரின் செட்டிங்கில் மாற்றலாம். அதுவும் இல்லையென்றால் விண்டோஸிலோ லினக்ஸிலோ தனியாக ஓடும் ஒரு மேப்பர் நிரலை வைத்துக்கொள்ளலாம். விண்டோஸுக்கு ஜாய்டுகீ, விண்டோஸ் லினக்ஸ் இரண்டுக்குமே ஆன்ட்டிமைக்ரோஎக்ஸ். ஸ்டீம் வைத்திருப்பவர்களுக்கு அதிலேயே இந்த வசதி உண்டு.

பழைய மதராஸில் கோட்டைத் துரைக்கும் நம் வியாபாரிக்கும் நடுவே மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு துபாஷி நிற்பார். இரண்டு துபாஷிகள் ஒரே நேரத்தில் பேசினால் பேரம் எப்படி முடியும்? கேம்பேடு அமைப்பில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். வெளியே ஜாய்டுகீ ஒரு பட்டனை மேல் அம்பாக அனுப்புகிறது. அதே பட்டனை எமுலேட்டர் தன் பங்குக்கு ஜாய்ஸ்டிக் பட்டனாகவும் கேமுக்குச் சொல்கிறது. ஒரு தட்டுக்கு இரண்டு குதி. அல்லது மெனுவில் ஒரு வரி தாண்டவேண்டிய இடத்தில் இரண்டு வரி தாண்டல். மாற்றம் ஒரே இடத்தில் நடக்கட்டும். அந்த இடம் கேமுக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. முதலில் கேம், பிறகு எமுலேட்டர், வேறு வழியே இல்லாதபோது வெளி மேப்பர். இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிப்பவர்கள்தான் அதிகம். மேப்பரை நிறுவுவது கண்ணுக்குச் சுலபமாகத் தெரிவதால் அப்படி.

கிட்டத்தில் வைப்பதால் என்ன லாபம் என்பதை டேவிலேயே பார்க்கலாம். துப்பாக்கிக்குக் கண்ட்ரோல், ஜெட்பேக்குக்கு ஆல்ட். வெளி மேப்பர் ஆல்ட்டை அனுப்பினால் அது முதலில் விண்டோஸின் கைக்குப் போகிறது. எமுலேட்டர் ஜன்னலுக்கு மேலே மெனுப் பட்டி இருந்தால் ஆல்ட் அதைத் திறந்துவிடும். ஜெட்பேக் போடவேண்டிய நேரத்தில் ஆட்டம் மெனுவில் போய் நிற்கும். டாஸ்பாக்ஸுக்குத் தன் சொந்தக் கட்டளைகளும் உண்டு. கண்ட்ரோலுடன் எஃப்9 சேர்ந்தால் டாஸ்பாக்ஸே மூடிக்கொள்ளும், ஆல்ட்டுடன் என்டர் சேர்ந்தால் முழுத்திரை மாறும். மாற்றத்தை டாஸ்பாக்ஸுக்கு உள்ளேயே செய்துவிட்டால், பட்டன் அனுப்பும் ஆல்ட் கேமுக்குள் மட்டும்தான் போகும். விண்டோஸுக்கு அது அழுத்தப்பட்டதே தெரியாது.

பிரின்ஸ் ஆடியவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். கத்திச் சண்டையில் ஷிஃப்ட்டைத் தொடர்ந்து ஐந்து தடவை தட்டியதும் விண்டோஸ் ‘ஸ்டிக்கி கீஸ்’ வேண்டுமா என்று ஒரு பெட்டியை நீட்டும். காவலாளி அதற்குள் வெட்டிவிட்டுப் போயிருப்பான். கீபோர்டில் ஆடுபவர்கள் விண்டோஸ் செட்டிங்கில் ‘அணுகல்’ பகுதிக்குப் போய் அந்தக் குறுக்குவழியை அணைத்து வைப்பது நல்லது.

பேடை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பேடு இல்லாதவர்கள் மந்தைவெளி ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறிச் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினால் ரிச்சி தெரு நடக்கிற தூரம்தான். இந்த வேலைக்கு விலை கூடிய பேடு தேவையே இல்லை. வயர் உள்ள சாதாரணப் பேடு போதும். ப்ளூடூத் தாமதமும் இராது. வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: இடது பக்கத்து நான்கு திசைப் பட்டன் எப்படி இருக்கிறது என்பது. பழைய கேம்கள் எல்லாமே அழுத்தினால் உண்டு, விட்டால் இல்லை என்ற கணக்கில் ஓடுபவை. அவற்றுக்குத் திசைப் பட்டன்தான் சரி. அனலாக் குச்சி ஒத்துவராது. கடையிலேயே கட்டைவிரலால் வலது பக்கத்தை அழுத்திப் பாருங்கள். வலது மட்டும் விழவேண்டும்; மேலும் கீழும் கூடவே சாய்கிற பேடை வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் எமுலேட்டரைத் திறக்காதீர்கள். விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, வரும் பெட்டியில் ஜாய் டாட் சிபிஎல் என்று ஆங்கிலத்தில் அடித்தால் கேம் கன்ட்ரோலர்களின் பட்டியல் வரும். அதில் உங்கள் பேடைத் தேர்ந்து அதன் பண்புகளுக்குள் போனால் எந்தப் பட்டன் எந்த எண், எந்தக் குச்சி எந்த அச்சு என்பதெல்லாம் திரையில் நகர்ந்து காட்டும். ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிஷ வேலை. பின்னால் அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

மலிவு பேடுகளில் நடுவே ‘அனலாக்’ என்றோ ‘மோடு’ என்றோ ஒரு பட்டனும் சின்னச் சிவப்பு விளக்கும் இருக்கும். விளக்கு அணைந்திருந்தால் திசைப் பட்டன் தன்னை அச்சு என்று சொல்லிக்கொள்ளும். எரிந்தால் அதே திசைப் பட்டன் ‘ஹேட்’ என்ற வேறு வகையாகிவிடும், அச்சு வேலை குச்சிக்குப் போய்விடும். நேற்று ஒழுங்காக ஓடிய அமைப்பு இன்று ஓடவில்லை என்று புலம்புபவர்கள் முதலில் அந்த விளக்கைப் பார்க்க வேண்டும். புதிய பேடுகளில் இதே கதை வேறு பெயரில்: எக்ஸ்இன்புட், டைரக்ட்இன்புட் என்று இரண்டு முறைகள். எக்ஸ்பாக்ஸ் பேடு மாதிரி நடந்துகொள்வது முதலாவது. பழைய நிரல்கள் எதிர்பார்ப்பது இரண்டாவது. பேடின் அட்டைப்பெட்டியில் எப்படி மாற்றுவது என்று போட்டிருப்பார்கள். ஏதாவது ஒன்றை முடிவு செய்துகொண்டு அதிலேயே நில்லுங்கள்.

அனலாக் குச்சியையே திசையாக வைப்பேன் என்று பிடிவாதமாக இருப்பவர்கள், குச்சி எவ்வளவு சாய்ந்தால் விசை அழுத்தியதாகக் கொள்ளவேண்டும் என்ற எல்லையைப் பாதித் தூரத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். மேப்பர்களில் ‘டெட் ஸோன்’ என்று இருக்கும். அது மிகக் குறைவாக இருந்தால் பழைய பேடின் தேய்ந்த குச்சி, கையை எடுத்த பிறகும் டேவை மெதுவாக நெருப்புக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும்.

டாஸ்பாக்ஸ்

கேமை ஓடவிட்டு, கண்ட்ரோலும் எஃப்1-ம் சேர்த்து அழுத்துங்கள். லேப்டாப்பில் எஃப்என் விசையும் சேரவேண்டி வரலாம். திரையில் ஒரு கீபோர்டுப் படம் விரியும். இதுதான் டாஸ்பாக்ஸின் மேப்பர். படத்தில் மேல் அம்பைச் சொடுக்குங்கள். கீழே ‘ஆட்’ என்ற பட்டனைச் சொடுக்குங்கள். பேடில் எதைக் குதிக்க வைக்க விரும்புகிறீர்களோ அதை ஒரு தடவை அழுத்துங்கள். முடிந்தது. கண்ட்ரோலுக்கும் ஆல்ட்டுக்கும் அப்படியே. கடைசியில் ‘சேவ்’ கொடுக்காமல் வெளியேறினால் இவ்வளவும் வீண்.

இங்கேதான் இரண்டாவது துபாஷி மெல்ல நுழைவார். டாஸ்பாக்ஸ் தானாகவே பேடை டாஸ் காலத்து ஜாய்ஸ்டிக்காகவும் கேமுக்குக் காட்டிக்கொண்டிருக்கும். பிரின்ஸ் போன்ற கேம்களுக்கு ஜாய்ஸ்டிக்கும் தெரியும் என்பதால் இரண்டும் மோதலாம். டாஸ்பாக்ஸின் அமைப்புக் கோப்பில் ஜாய்ஸ்டிக் வகையை ‘நன்’ என்று போட்டால் தீர்ந்தது என்று தோன்றும்; ஆனால் பழைய 0.74 பதிப்பில் அப்படிச் செய்தால் மேப்பருக்கும் சேர்த்துப் பேடு மறைந்துவிடும், வைத்த மாற்றம் ஒன்றுமே வேலை செய்யாது. அந்தப் பதிப்பில் சரியான வழி, மேப்பர் படத்திலேயே ஜாய்ஸ்டிக் பகுதியில் இருக்கும் பட்டன்களையும் அச்சுகளையும் ஒவ்வொன்றாகச் சொடுக்கி ‘டெல்’ கொடுத்து அவிழ்த்துவிடுவது. டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங் என்ற புதிய கிளையைச் செய்தவர்கள் இதற்கென்றே ‘ஹிடன்’ என்று ஒரு வகையைச் சேர்த்திருக்கிறார்கள்: கேமின் கண்ணுக்குப் பேடு தெரியாது, மேப்பருக்கு மட்டும் தெரியும். புதிதாகத் தொடங்குபவர்கள் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு மேப்பர் கோப்பை எல்லாக் கேமுக்கும் பொதுவாக வைக்க முடியாது. டேவில் குதிப்பது மேல் அம்பு, இன்னொன்றில் அதே வேலைக்கு ஸ்பேஸ். அமைப்புக் கோப்பில் மேப்பர் கோப்பின் பெயரைச் சொல்லும் வரி ஒன்று உண்டு. கேமுக்கு ஒரு அமைப்புக் கோப்பு, அதற்குள் அந்தக் கேமுக்கு உரிய மேப்பர் கோப்பின் பெயர் என்று பிரித்து வைத்தால், எந்தக் கேமைத் திறந்தாலும் பேடு அதற்கேற்றபடி தயாராக இருக்கும்.

எந்தப் பட்டனுக்கு எதைக் கொடுப்பது? இது ரசனையின் பாடு; ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. எந்த விசையை மற்றொன்றோடு சேர்த்துப் பிடிக்கவேண்டி வருகிறதோ அது கட்டைவிரல் எட்டும் முகப்புப் பட்டனில் இருக்கக் கூடாது. பிரின்ஸில் ஷிஃப்ட் அப்படிப்பட்டது. முள் மேல் அடி வைக்காமல் மெல்ல நடக்க, விளிம்பைப் பற்றித் தொங்க, எல்லாவற்றுக்கும் ஷிஃப்ட்டைப் பிடித்தபடி அம்பை அழுத்த வேண்டும். ஆகவே ஷிஃப்ட் பேடின் தோள்பட்டைப் பட்டனுக்குப் போகட்டும். ஆள்காட்டி விரல் அதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பிடித்துக்கொண்டிருக்கும். சண்டையில் மேல் அம்பு தடுப்பு, ஷிஃப்ட் வெட்டு. மேல் அம்பைத் திசைப் பட்டனிலும் முகப்புப் பட்டன் ஒன்றிலும் இரண்டு இடத்தில் வைத்தால் தடுப்பதும் வெட்டுவதும் வலது கைக்குள்ளேயே அடங்கிவிடும்.

டேவில் வேறு மாதிரி. குதிப்பதை முகப்புப் பட்டனுக்குக் கொடுத்தவுடன், திசைப் பட்டனின் மேல் பக்கத்தைக் காலியாக விடத் தோன்றும், ஓடும்போது கட்டைவிரல் வழுக்கித் தேவையில்லாமல் குதிக்காமல் இருக்க. ஆனால் ஜெட்பேக்கில் பறக்கும்போது மேலே கீழே இரண்டும் திசைப் பட்டனில் இருந்தால்தான் கை பேசும். விட்டுவிடாதீர்கள், இரண்டு இடத்திலும் வையுங்கள்.

இவ்வளவும் எதற்கு என்பவர்களுக்கு ரெட்ரோஆர்ச் என்ற நிரல் வழியாக ஓடும் ‘டாஸ்பாக்ஸ் ப்யூர்’ இருக்கிறது. பிரபலமான பல டாஸ் கேம்களுக்கு அது தானாகவே பேடு அமைப்பைக் கொண்டுவந்து வைத்துவிடும். இடது குச்சியை உள்ளே அழுத்தினால் திரையிலேயே கீபோர்டும் வரும். உண்மையான கீபோர்டை வைத்து ரெட்ரோஆர்ச்சில் தட்டச்சு செய்யவேண்டி வந்தால் ஸ்க்ரோல் லாக்கை ஒரு தடவை அழுத்துங்கள். இல்லாவிட்டால் எஃப், பி போன்ற எழுத்துகளை ரெட்ரோஆர்ச் தன் கட்டளைகளாக எடுத்துக்கொண்டு முழுத்திரைக்கும் இடைநிறுத்தத்துக்கும் தாவிக்கொண்டிருக்கும்.

ஸ்பெக்ட்ரம், பிபிசி, கமடோர்

முதல் ஸ்பெக்ட்ரமில் மொத்தம் 40 ரப்பர் விசைகள். அதற்கான கேம்களில் ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது: மேலே கியூ, கீழே ஏ, இடது ஓ, வலது பி, சுட ஸ்பேஸ். இரண்டு கைகளுக்கும் வேலை பிரிந்துவிடுவதால் கீபோர்டில் அது அருமையான ஏற்பாடு. பேடிலோ நான்கும் ஒரே கட்டைவிரலுக்குப் போகின்றன. ஃப்யூஸ் எமுலேட்டரில் ஜாய்ஸ்டிக் செட்டிங்குக்குள் போய், பேடின் ஒவ்வொரு பட்டனுக்கும் ஸ்பெக்ட்ரம் விசை ஒன்றைச் சொல்லலாம்.

ஆனால் அதற்கு முன்னால் கேமின் முதல் திரையைப் படியுங்கள். கெம்ப்ஸ்டன், சிங்க்ளேர், கர்சர் என்று ஏதாவது எழுதியிருந்தால் கேமுக்கே ஜாய்ஸ்டிக் தெரியும். உங்களுக்கு வேலையே இல்லை. சிங்க்ளேர் ஜாய்ஸ்டிக் உண்மையில் எண் விசைகளை அழுத்துவதுதான்: முதல் துளைக்கு 6 இடது, 7 வலது, 8 கீழ், 9 மேல், 0 சுட, இரண்டாவதற்கு 1 முதல் 5 வரை அதே வரிசை. கெம்ப்ஸ்டன் அப்படியல்ல, அது 31 என்ற தனித் துறையில் வந்து சேரும். எமுலேட்டரில் கெம்ப்ஸ்டனை இணைக்காமல் கேமில் மட்டும் கெம்ப்ஸ்டனைத் தேர்ந்தால், வெற்றுத் துறையில் எல்லாத் திசையும் அழுத்தியிருப்பதாகக் கேம் படித்துக்கொள்ளக்கூடும். நாயகன் தானாக ஓடுகிறான், பேய் பிடித்திருக்கிறது என்று நினைக்க வேண்டாம். ஒரு டிக் போட மறந்திருக்கிறது.

ஸ்பெக்ட்ரமின் அடிப்படை நிரலை, அதாவது ரோம் கோப்பை, எமுலேட்டர்களோடு சேர்த்து வழங்க அதன் உரிமையை வைத்திருந்த ஆம்ஸ்ட்ராட் அனுமதி தந்திருக்கிறது. மற்றக் கணினிகளுக்கும் கேம்களுக்கும் அதே தாராளம் இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது.

பிபிசி மைக்ரோவில் சிக்கலே வேறு. ஏகார்ன்சாஃப்டின் ‘ஸ்னாப்பர்’ போன்ற கேம்களில் இடது இசட், வலது எக்ஸ், மேலே முக்காற்புள்ளி விசை, கீழே சாய்வுக்கோடு விசை. இதில் முக்காற்புள்ளிதான் வம்பு. பிபிசி கீபோர்டில் அதற்குத் தனி விசை உண்டு, அரைப்புள்ளிக்கு அடுத்தது. நம் கீபோர்டில் அந்த இடத்தில் இருப்பது ஒற்றை மேற்கோள். எமுலேட்டர்கள் இதை இரண்டு விதமாகக் கையாளும். ஒன்று, எழுத்தைப் பார்ப்பது: நீங்கள் ஷிஃப்ட்டோடு அரைப்புள்ளியை அடித்தால் முக்காற்புள்ளி என்று புரிந்துகொள்ளும். இன்னொன்று, இடத்தைப் பார்ப்பது: ஒற்றை மேற்கோள் விசையைத் தொட்டாலே பிபிசியில் அந்த இடத்தில் இருந்த முக்காற்புள்ளி விழும். பேசிக் நிரல் அடிக்க முதலாவது வசதி. ஆட்டத்துக்கு எப்போதும் இரண்டாவதைத் தேர்ந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் பேடின் ஒரு பட்டன் ஷிஃப்ட்டையும் கூடவே இழுத்துக்கொண்டு வரும். ‘பிளானட்டாய்டு’ போல ஷிஃப்ட்டிலேயே விண்கலம் பாயும் கேமில் அது என்ன பாடுபடுத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை.

1984-ல் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் பிபிசிக்கு எழுதிய ‘எலீட்’ வந்தால் பேடே திணறும். எஸ், எக்ஸ் விண்கலத்தின் மூக்கை இறக்கி ஏற்ற, காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் இருக்கும் விசைகள் உருள, ஸ்பேஸ் வேகம் கூட, கேள்விக்குறி விசை குறைய, ஏ சுட, டி ஏவுகணையைக் குறிபார்க்க, எம் அதை ஏவ. இதோடு சந்தை, வரைபடம் என்று எஃப் வரிசை முழுக்க வேலை. பறப்பதையும் சுடுவதையும் மட்டும் பேடுக்குக் கொடுத்துவிட்டு, சந்தையைக் கீபோர்டுக்கே விட்டுவிடுவதுதான் என் கட்சி. முழுக்கப் பேடிலேயே வேண்டும் என்றால், ஆன்ட்டிமைக்ரோஎக்ஸில் பட்டன் தொகுதிகளை அடுக்கடுக்காக வைக்கலாம்: இடது தோள்பட்டைப் பட்டனைப் பிடித்திருக்கும்வரை முகப்புப் பட்டன்கள் நான்கும் வேறு நான்கு விசைகளாக மாறும். நினைவில் வைக்கத்தான் தெம்பு வேண்டும்.

கமடோர் 64-இல் ஜாய்ஸ்டிக் துளைகள் இரண்டு; பெரும்பாலான ஒற்றையர் கேம்கள் இரண்டாவதைத்தான் பார்க்கும். முதல் துளை கீபோர்டோடு ஒரே கம்பிகளைப் பகிர்ந்துகொள்வதால், அதில் பேடை வைத்து அசைத்தால் திரையில் சம்பந்தமில்லாத எழுத்துகள் கொட்டும். வைஸ் எமுலேட்டரில் அப்படி நடந்தால் துளை எண்ணை மாற்றுங்கள், வேறொன்றுமில்லை.

டிவி கேம் பற்றியும் ஒரு வார்த்தை. மரியோ, கான்ட்ரா கேசட்டுகளோடு பர்மா பஜாரிலும் பாண்டி பஜாரிலும் விற்ற 8-பிட் பெட்டிகளுக்குப் பேடு கூடவே வந்தது. அந்தப் பேடை இப்போது எடுத்துக் கணினியில் செருக முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. அதன் நுனியில் இருக்கும் 9 பின் இணைப்பு பார்வைக்குச் சேகா, அட்டாரி பேடுகளுடையது போலவே இருக்கும். உள்ளே கம்பிகள் வேறு. அவற்றுக்கான யுஎஸ்பி மாற்றியில் செருகினால் வேலை செய்யாது. சாதாரண யுஎஸ்பி பேடை வைத்துக்கொண்டு, எமுலேட்டரின் இன்புட் செட்டிங்கில் ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட் என்று நான்கைச் சொன்னால் போதும். பழைய பேடில் இருந்த, பிடித்திருந்தால் தானே திரும்பத் திரும்பத் தட்டும் டர்போ பட்டன்களையும் வைத்துக்கொள்ளலாம்.

வெளி மேப்பர்தான் கதி என்றால்

இன்டர்நெட் ஆர்க்கைவ் 2015 ஜனவரியில் டாஸ் கேம்களைப் பிரவுசரிலேயே ஆடும்படி திறந்துவிட்டது. எதையும் நிறுவ வேண்டாம் என்பதால் பிள்ளைகளுக்குக் காட்ட அதுவே சுலபம். ஆனால் அங்கே கீபோர்டை நம்பித்தான் ஆட வேண்டும். ஆக, ஜாய்டுகீயோ ஆன்ட்டிமைக்ரோஎக்ஸோ இல்லாமல் பேடு வேலைக்காகாது. கவனம் ஒன்று: பிரவுசரில் கண்ட்ரோலோடு டபிள்யூ சேர்ந்தால் டேப் மூடிவிடும். கண்ட்ரோலில் சுடும் கேமில் டபிள்யூவுக்கு எந்தப் பட்டனையும் கொடுக்காதீர்கள்.

மேப்பர் சரியாக இருந்தும் எமுலேட்டருக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லையா? எமுலேட்டரை நிர்வாகி உரிமையோடு திறந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். உரிமை குறைந்த நிரல், உரிமை கூடிய நிரலுக்கு விசை அனுப்புவதை விண்டோஸ் அனுமதிக்காது. இரண்டையும் ஒரே உரிமையில் திறந்தால் சரியாகிவிடும்.

சில நேரம் பத்துத் தட்டில் ஏழு மட்டும் விழும். இது வேகத்தின் கோளாறு. ஐரோப்பியப் பழங்கணினிகளும் நம் டிவியும் விநாடிக்கு 50 படம் என்ற கணக்கில் ஓடியவை. பல கேம்கள் படத்துக்கு ஒரு தடவை, அதாவது 20 மில்லிவிநாடிக்கு ஒருமுறைதான், விசையைத் திரும்பிப் பார்க்கும். மேப்பர் டர்போவில் 10 மில்லிவிநாடி அழுத்தி விட்டுவிட்டால், கேம் திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அழுத்துவதற்கு 40, விடுவதற்கு 40 என்று வையுங்கள். விநாடிக்குப் பன்னிரண்டு குண்டு. எந்தப் பழைய கேமுக்கும் அது தாராளம்.

மலிவு கீபோர்டுகளில் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் மூன்றாவது விழாமல் போகும் தொல்லை பேடில் கிடையாது. ஒரே கீபோர்டில் இருவர் ஆடும் கேம்களுக்குப் பேடை எடுக்க, இருவரும் முழங்கை இடித்துக்கொள்ளாமல் இருப்பதைத் தவிர, இதுவும் ஒரு காரணம். இரண்டு பேடு வைப்பவர்கள் எமுலேட்டரைத் திறக்கும் முன்பே இரண்டையும் செருகிவிடுங்கள். டாஸ்பாக்ஸ் பேடுகளைப் பெயரால் அல்ல, வரிசையால் அறியும். ஒன்றைப் பிடுங்கி மறுபடி செருகினால் வரிசை மாறி அண்ணன் பேடில் தம்பி ஓடுவான். ஒரே மாதிரி இரண்டு பேடு என்றால் எந்த யுஎஸ்பி துளையில் எது என்று ஒரு துண்டு டேப்பில் 1, 2 எழுதி ஒட்டிவிடுங்கள்.